புதிரும் பக்குவமும்

பொருளை அளத்தற்கு முன்னர் அளவுகோலை அளந்துகொள்ளல் வேண்டுமென்பது சைவ சித்தாந்த நூல்களின் நெறி. அருணந்தி சிவாசாரியார் தாம் அருளிய சிவஞானசித்தியாரின் சுபக்கத்தில், பதி பசு பாசம் என்னும் முப்பொருளை நிறுவப் புகுமுன் அளவையிலக்கணத்தை முதற்கண் வைத்தருளியதும் இந்நெறி பற்றியே. மரக்கால் குறையுடையதாயின், அளக்கப்பட்ட நெல் எத்துணை நல்லதாயினும் கணக்குப் பிழைபடும். அப்பிழையை நெல்லின்மேல் ஏற்றுதல் அறிவுடையார் செயலாகாது. காவிரி பாயும் இந்நாட்டில் களத்து மேட்டில் நின்றார் யாவரும் இதனை அறிவர். ஆயினும் மக்களது அறிவை அளக்குமிடத்து மட்டும் மரக்காலை நோக்காது நெல்லைப் பழிக்கும் வழக்கம் நம்மிடையே நின்று நிலவுகின்றது.

இதனை ஈண்டு ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. ஆட்டிசம் என்னும் இயல்புடைய மக்களைப் பெற்றோர் சிலர், அவர்க்குச் சமயதீக்கை செய்விக்கும் விருப்பினராய் எம்மிடம் வந்து வினவியதுண்டு. "எளியதொரு புதிருக்கும் இவன் நேரே விடை கூறான், குறிப்பால் உணர்த்தியதை உணரான், இவனுக்குத் தீக்கை எற்றுக்கு?" என்று தம்மிடம் சிலர் கூறியதாகவும், "நூல்களிற் கூறிய பாலிசர் என்பார் இவரே, இவர்க்கு நிர்ப்பீச தீக்கையே அமையும்" என்று வேறு சிலர் கூறியதாகவும் அவர் சொல்லி வருந்தினர். இவ்விரு கூற்றும் ஒரே ஏதுவைப் பற்றி நிற்பன. புதிர்க்கு நாம் எதிர்பார்த்த விடையைக் கூறாமை அறிவின்மைக்கு ஏதுவாம் என்பதே அது. இவ்வேது உண்மையேதுவோ போலியோ என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

முதற்கண் ஆட்டிசம் என்பது யாதென ஒருவாறு கூறுவாம். 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த இப்பெயரைச் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் வேறொரு மனநோயின் குறியைச் சுட்டுதற்கு முதலில் வழங்கினார். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்பவர் 11 குழந்தைகளின் இயல்பை விரித்தெழுதினார். 1944-இல் வியன்னா நகரத்து ஹான்ஸ் ஆஸ்பெர்கர் அதனையொத்த இயல்புடைய சிறுவரைப் பற்றி எழுதினார். அதன்பின் இப்பெயர் இவ்வியல்பிற்கே உரியதாயிற்று. 'தான்' என்னும் சொல்லடி கண்டு இதனை ஆணவத்தின் மிகுதியென மயங்கற்க. ஆணவம் எல்லா உயிர்க்கும் அநாதியே பொதுவாயுள்ள மலம். இதுவோ மூளை நரம்பு முதலிய கருவிகள் வளருங்கால் இளமையிலேயே அமையும் வேறுபாடு. தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் வழங்குவர். மதி இறுகியது என்னும் அப்பெயர் ஆராய்ச்சிக்கு முன்னரே தீர்ப்புக் கூறுவதாயிருத்தலின் யாம் அதனை விடுத்து ஆட்டிசம் என்றே கூறுவாம். இவ்வியல்புடையார் எல்லாரும் ஒரு தன்மையரல்லர். வாய்பேசாதாரும் உளர்; மிகப் பேசுவாரும் உளர்; வாழ்நாள் முழுதும் பிறர் துணை வேண்டுவாரும் உளர்; பெருநூல் கற்றுத் தனித்து வாழ்வாரும் உளர். ஓசையும் ஒளியும் தொடுதலும் மிகுதியாகத் தாக்குதல், மாறாத ஒழுங்கில் விருப்பம், பிறரோடு பழகும் முறையில் வேறுபாடு என்பன அவரிடத்துப் பெரும்பாலும் காணப்படும். இந்திய அரசு 1999-இல் இயற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016-இல் இயற்றிய மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. இனி இவரை ஆட்டிச இயல்பினர் என்றும், ஏனையோரைப் பொதுவியல்பினர் என்றும் வழங்குவாம்.

இவ்விரு சாராரும் புதிர்களை அணுகுமாற்றை மேனாட்டார் ஐம்பதாண்டுகட்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். அவற்றுட் சிலவற்றை நம் நூல்வழக்கிலே வைத்து நோக்குவாம்.

முதலாவது, காட்சியளவையின்பாற் படுவது. மார்கழி மாதத்து வாயிலில் இட்ட பெரியதொரு புள்ளிக்கோலத்தைக் காட்டி, "இதனுள் இன்ன வடிவுடைய சிறுகட்டம் எங்கே உளது?" என்று வினவினால், நம்மிற் பெரும்பாலார் தேடித் தடுமாறுவர். என்னை? கோலத்தின் முழுவடிவம் கண்ணை ஈர்த்துத் தன் உறுப்புக்களை மறைத்துவிடுதலின் என்க. 1983-இல் இலண்டன் மாநகரில் அமிதா ஷா, ஊட்டா ஃப்ரித் என்னும் இரு பெண்மணியர் இத்தகைய மறையுருப் புதிர்களைக் கொடுத்து ஆராய்ந்தபோது, ஆட்டிச இயல்புடைய சிறுவர் தம்மோடொத்த மனவளர்ச்சியுடைய பிற சிறுவரினும் நன்றாக அவற்றை விடுவித்தனர். நம் நூலோர் காட்சியை நிருவிகற்பம், சவிகற்பம் என இருவகைப்படுத்தினர். பொருளின் உண்மை மாத்திரையைக் காண்பது முன்னையது. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்பவற்றோடு கூட்டிக் காண்பது பின்னையது. பொதுவியல்பினர்க்கு இரண்டாவது காட்சி மிக விரைந்து எழுந்து முதலாவதனை விழுங்கிவிடுகின்றது. ஆட்டிச இயல்பினர்க்கோ கண்ட உறுப்பு, கண்டவாறே சிறிது பொழுது நிற்கின்றது போலும். முழுமையை அவர் காணமாட்டார் என்று கொள்ளற்க; முழுமை அவரை வலிந்து இழுப்பதில்லை என்று கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது, கருதலளவையின்பாற் படுவது. "மேட்டூர் அணை திறந்தால் நம்மூர் வாய்க்காலில் நீர் வரும், அணை திறந்தது" என்று கூறி, முடிபு யாதென வினவினால், "நீர் வரும்" என்று யாவரும் கூறுவர். இவற்றொடு, "மதகு திறந்திருந்தால் வாய்க்காலில் நீர் வரும்" என்னும் மூன்றாவது வாக்கியம் ஒன்றனைச் சேர்த்துக் கூறி மீண்டும் வினவினால், பொதுவியல்பினர் பலர் முன்கூறிய முடிபினின்றும் பின்வாங்கி, "மதகு மூடியிருப்பின் வாராதே!" என்பர். இத்தகைய வினாக்களை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2009-இல் வெளியான ஆராய்ச்சியில், ஆட்டிச இயல்புடைய வளர்ந்தோர் அங்ஙனம் பின்வாங்குதல் ஏனையோரினும் குறைவாக இருந்தது. இவ்விருவருள் யார் கூறியது சரி? தருக்க நூலார் உபாதி என்பதொன்றனைக் கூறுவர். "தீயுள்ள இடத்திலெல்லாம் புகையுண்டு" என்பது வியாத்தியாகாது. ஈரவிறகின் சேர்க்கை என்னும் உபாதி அதனுள் மறைந்து கிடத்தலின். மதகு திறந்திருத்தலும் அத்தகைய உபாதியே. பொதுவியல்பினர் உலகியலிற் கண்ட உபாதிகளைத் தம் நெஞ்சிலிருந்து எடுத்துக் கூறியதனோடு கூட்டிக்கொள்கின்றனர். ஆட்டிச இயல்பினர் கூறியதனைக் கூறியவாறே மேற்கோளாக ஏற்று, அதன்வழியே முடிபு காண்கின்றனர். வயலுக்கு நீர் பாய்ச்சுவான் ஒருவனுக்கு முன்னையது வேண்டும். வாதத்தில் எதிரியின் மேற்கோளை நிறுத்தி ஆராய்வான் ஒருவனுக்குப் பின்னையது வேண்டும். வினாவை விடுத்தவன் இவ்விரண்டில் எதனை வேண்டினான் என்று சொல்லாதிருந்தமையே குழப்பத்திற்கு வித்து.

மூன்றாவதும் கருதலைச் சார்ந்ததே. "ஒருவர் நாடோறும் திருநீறணிந்து திருமுறை ஓதுபவர், ஆலயத்தை நீங்காதவர்" என்று ஒருவரைப் புனைந்துரைத்து, "அவர் வங்கியிற் பணிபுரிபவர் என்பது, வங்கியிற் பணிபுரிபவரும் சிவதீக்கை பெற்றவரும் ஆவர் என்பது, இவ்விரண்டில் உண்மையாதற்கு மிகுதியும் இயைவது எது?" என்று கேட்டால், நம்மிற் பலர் இரண்டாவதனையே எடுப்பர். அது பிழை. வங்கியிற் பணிபுரிபவர் என்னும் தொகுதி வியாபகம். அவருள்ளே தீக்கை பெற்றவர் வியாப்பியம். வியாப்பியம் வியாபகத்தினும் மிகுதல் யாண்டும் இல்லை. இவ்வகைப் பிழையை 1983-இல் டிவெர்ஸ்கி, கானெமன் என்னும் இருவர் விரித்து விளக்கினர். 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆட்டிச இயல்புடைய இளைஞர் இப்பிழையில் வீழ்தல் ஏனையோரினும் குறைவு என்று கண்டனர். புனைந்துரை என்னும் கதைச்சுவை அவரது கணக்கை அத்துணை எளிதிற் கலைப்பதில்லை.

நான்காவது புதிர் விரைவைப் பற்றியது. "ஒரு புத்தகமும் ஓர் எழுதுகோலும் கூடி 110 ரூபாய், புத்தகம் எழுதுகோலினும் 100 ரூபாய் மிகுதி, எழுதுகோலின் விலை யாது?" என்று வினவினால், 10 ரூபாய் என்னும் விடை நாவின் நுனியில் வந்து நிற்கும். உண்மை விடை 5 ரூபாய். புத்தகம் 105 ரூபாய். மனம் பற்றியதனைச் சித்தம் சிந்தியாமுன் புத்தி நிச்சயித்துவிடுதலால் வரும் பிழை இது. இவ்வகைப் புதிரை ஷேன் ஃப்ரெடெரிக் என்பவர் 2005-இல் வெளியிட்டார். ஆட்டிச இயல்பினர் இவ்விடத்து நின்று நிதானித்துச் சரியான விடை கூறுதல் மிகுதி என்று 2016-இல் இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. 2022-இல் அந்நாட்டிலேயே மிகுதியானோரை வைத்து நடத்திய மற்றோராராய்ச்சியோ அத்தகைய வேறுபாடு காணவில்லை. ஆகவே ஆட்டிச இயல்பினர் எல்லாரும் தருக்கப் புலிகள் என்று புகழ்தலும் ஏற்றதன்று. இகழ்ச்சியைப் போலவே புகழ்ச்சியும் அளவு கடந்தால் ஒருவனை உள்ளவாறு காணவொட்டாது மறைக்கும்.

ஐந்தாவது புதிரில் நிலை மாறுகின்றது. இரண்டு பொம்மைகள். ஒன்று தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே செல்கின்றது. மற்றொன்று அதனை எடுத்துப் பெட்டியில் வைக்கின்றது. முதற் பொம்மை திரும்பி வந்து எங்கே தேடும்? "கூடையில்" என்பதே விடை. அது நிகழ்ந்ததை அறியாதாகலின். 1985-இல் பேரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் என்னும் மூவர் இதனைக் கேட்டபோது, ஆட்டிச இயல்புடைய 20 குழந்தைகளுள் 16 பேர் விடை தவறினர். பொதுவியல்புடைய 27 சிறு குழந்தைகளுள் 23 பேர் சரியாகக் கூறினர். இதுகொண்டு, பிறர் உள்ளத்தில் உள்ளதை அறியும் ஆற்றல் ஆட்டிச இயல்பினர்க்கு இல்லை என்று பல்லாண்டு பேசப்பட்டது. 2012-இல் டேமியன் மில்ட்டன் என்பார், தாமே ஆட்டிச இயல்பினர், இதற்கோர் எதிர்வினா எழுப்பினார்: பொதுவியல்பினர் ஆட்டிச இயல்பினரின் உள்ளத்தை அறிகின்றனரோ? அறியாமை இருபாலும் ஒத்ததாயின் குறையை ஒருபாற்கு மட்டும் எழுதுதல் என்ன முறை? 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒருவரிடமிருந்து ஒருவராகச் செய்தி கடத்தச் செய்தபோது, ஆட்டிச இயல்பினர் தம்முள் கடத்தியதும் பொதுவியல்பினர் தம்முள் கடத்தியதும் ஒத்த செம்மையுடையவாயிருந்தன. இருசாராரும் கலந்த வரிசையிலேதான் செய்தி மிகுதியும் சிதைந்தது. பழுது ஒரு கரையில் இல்லை. இருகரையையும் இணைக்கும் பாலத்திலே உளது என்பது இதனாற் பெறப்படும்.

மரக்காலின் குறையை நேரே காட்டுவது ஆறாவது ஆராய்ச்சி. கனடா நாட்டில் மிசெல் டாசன், லோரன் மொட்ரோன் முதலியோர் 2007-இல் வெளியிட்டது அது. டாசன் அம்மையாரும் ஆட்டிச இயல்பினரே. ஒரே குழந்தைகளை இருவேறு அளவுகோலால் அளந்தனர். ஒன்று, வாய்ச்சொல்லால் வினவி விடை பெறும் பகுதிகள் பலவுடைய வெக்ஸ்லர் சோதனை. மற்றொன்று, சொல்லின்றி வடிவங்களின் ஒழுங்கைக் கண்டு விடுபட்டதனை நிரப்பும் ரேவன் சோதனை. பொதுவியல்புடைய குழந்தைகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே இடம் பெற்றனர். ஆட்டிச இயல்புடைய குழந்தைகளோ, நூறு பேர் நிற்கும் வரிசையில் வைத்தெண்ணுமிடத்து, முன்னையதினும் பின்னையதிற் சராசரியாக 30 இடம் உயர்ந்து நின்றனர். குழந்தை மாறவில்லை; கோல் மாறிற்று. முதற்கோல் ஒன்றையே கொண்டு, "இக்குழந்தைக்கு அறிவு இவ்வளவே" என்று ஏட்டில் எழுதியிருப்பின், எழுதியவன் அளந்தது யாதாகும்?

இவையனைத்தையும் தொகுத்து நோக்குங்கால் ஓருண்மை புலனாகும். புதிர் என்பது சொல்லப்பட்டதும் சொல்லாது விடப்பட்டதும் ஆகிய இரு பகுதியுடையது. சொல்லின்கண் பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் என்பது தொல்காப்பியனார் காலந்தொட்டு நம் இலக்கணத்தார் அறிந்தது. பொதுவியல்பினர் குறிப்பை முன்னும் வெளிப்படையைப் பின்னும் கொள்கின்றனர். ஆட்டிச இயல்பினர் பெரும்பாலும் வெளிப்படையை முன்னே கொண்டு, குறிப்பைக் கூறினாலன்றிக் கொள்வதில்லை. சோழநாட்டுக் கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தின் காம்பைச் சூழ்ந்த முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை வரும் என்றொரு கணக்குண்டு. முள் 100 எனின் சுளை 120. ஒரு மாணாக்கன் 120 என்று கூறி மகிழ்ந்து அடுத்த கணக்கிற்குச் செல்வான். மற்றொருவன் பழத்தை அறுத்துச் சுளையை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பான். முன்னவன், இது பெருக்கல் வகுத்தல் பயிற்றுதற்கு வந்த கணக்கு என்னும் குறிப்பை உணர்ந்தான். பின்னவன், நூல் பலாவைப் பற்றிப் பேசுகின்றது என்று நம்பி அதனை மதித்தான். இவருள் யாரை அறிவிலி என்பது?

எம்மிடம் வந்த சிறுவன் ஒருவனிடம், நம் அளவை நூல்களில் அருத்தாபத்திக்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டைப் புதிராக வினவினேம். "தேவதத்தன் பகலில் உண்ணான், ஆயினும் பருத்திருக்கின்றான், அவன் எப்பொழுது உண்கின்றான்?" இரவில் உண்கின்றான் என்பதே கொள்ளப்படும் விடை. சிறுவன் நெடும்பொழுது வாளாவிருந்து, "எத்தனை நாளாக உண்ணவில்லை? இன்றைக்கு மட்டும் உண்ணாவிட்டால் இளைக்கமாட்டானே! வீக்கநோய் உடையவனும் பருத்திருப்பானே!" என்றான். சூழ இருந்தார் சிலர் நகைத்தனர். அவன் கூறியவற்றை அருத்தாபத்தியை ஆராயும் தருக்கநூல் வல்லார் கேட்பின் நகையார். பருத்தலுக்கு வேறு காரணமின்மையும், உண்ணாமை பலநாள் நிகழ்ந்தமையும் முன்னர்த் துணியப்பட்டாலன்றி இரவூண் பெறப்படாது என்று அவரே கூறுவர். இவ்விடையை ஒருவர் 'ஏதுவின் குற்றம் களைதல்' என்று எழுதலாம். மற்றொருவர் 'மந்தம்' என்று எழுதலாம். எழுதுவாரிடத்து உள்ள வேறுபாடன்றிச் சிறுவனிடத்து வேறுபாடு யாதும் இல்லை.

அற்றேல், குறிப்புணராமை குறையன்றோ எனின், உலகியலில் அஃது இடர் தருவதென்பதனை மறுத்தல் இயலாது. அவ்விடர் உண்மையானது; பெற்றோர் படும் துன்பமும் உண்மையானது. ஆயின் இடர் வேறு, அறிவின்மை வேறு. வெளிநாட்டிற்குச் சென்றவன் அந்நாட்டுமொழி அறியாது இடர்ப்படுகின்றான். அதனால் அவன் அறிவிலியாகான்.

இனித் தீக்கையைப் பற்றிய தடைக்கு வருவாம். பாலர், பாலிசர், விருத்தர், நோயாளர் முதலியோர்க்கு நிர்ப்பீச தீக்கையும், நூலுணர்ந்து ஒழுக்கம் தாங்க வல்லார்க்குச் சபீச தீக்கையும் விதிக்கப்பட்டமை ஆகமங்களிலும் சித்தியாரிலும் உள்ளதே. இவ்விதி கருணையால் எழுந்தது. ஒழுக்கத்தைத் தாங்கமாட்டாதார் அது வழுவியமையால் குற்றப்படாதிருத்தற் பொருட்டு அவர் சுமையை இறக்கி வைத்தது. தாங்கமாட்டாத ஆட்டிச இயல்பினர் உளராயின் அக்கருணை அவர்க்கும் உரியதே. அதில் இழுக்கொன்றும் இல்லை. யாம் மறுப்பது, புதிரில் தவறினான் என்னும் ஏதுவால் ஒருவனைப் பாலிசன் என்று துணிதலை. சபீசத்திற்கு வேண்டப்படுவது சமயாசாரத்தை வழுவாது தாங்குதல். நாள் தவறாது, பொழுது தவறாது, முறை தவறாது ஒன்றைச் செய்தல் ஆட்டிச இயல்பினர் பலர்க்கு இயல்பாகவே கைவருவது. அனுட்டானத்தில் ஒரு மந்திரம் விடப்பட்டால் நம்மிற் பலர் பொருட்படுத்தாது மேற்செல்ல, அவர் பொறாது நின்றுவிடுவர். ஆசாரம் தாங்குதற்கு இதனினும் தக்க தகுதி வேறென்ன வேண்டும்? ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்து துணிவதன்றி, பெயரொன்றைக் கண்டு வகுப்பது முறையன்று.

மேலும், தீக்கைக்கு மூலமாகிய பக்குவம் யாது? இருவினையொப்பும் மலபரிபாகமும் சத்திநிபாதமும் என்பது சித்தாந்தம். இம்மூன்றனுள் எதுவும் புத்திக் கூர்மையன்று. சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்ற முதியவர் கல்வியாற் குறைந்தவரல்லர். அவரே சின்னஞ்சிறு குழவியாகிய மெய்கண்டாரை அடைந்து அருணந்தி ஆயினார். உமாபதி சிவாசாரியார் பெற்றான் சாம்பானுக்கு முத்தி நல்கியதும், அதனை ஐயுற்றார்முன் முள்ளிச்செடிக்கும் நல்கிக் காட்டியதும் சைவவுலகம் அறிந்த வரலாறு. மக்களைச் செடியோடு ஒப்பிடுதற்கு இதனைக் கூறினேமல்லேம். பக்குவத்தை அளக்குங்கால் நாம் கொண்டுசெல்லும் கோல் எத்துணைச் சிறிதென்று காட்டுதற்கே கூறினேம். அம்முள்ளிச்செடி எந்தப் புதிரை விடுவித்தது?

அஃதொக்கும், ஆயினும் நம் குருமரபு குறிப்பால் உணர்த்தும் மரபன்றோ? கல்லால மரத்தின் கீழ் இறைவன் சின்முத்திரை காட்டி நால்வர்க்கும் மோனத்தால் உணர்த்தியருளினன். குறிப்புணராதார்க்கு அந்நெறி கூடுமோ எனின், கூடும் என்க. அந்நால்வர்க்கு ஏற்றது மோனம். ஆதலின் மோனத்தால் உணர்த்தினன். ஏனையோர்க்கு ஏற்குமாறு நயனம், பரிசம், மானதம், வாசகம், சாத்திரம், யோகம், ஔத்திரி எனத் தீக்கை எழுவகையாக விரிந்தது எற்றுக்கு? மாணாக்கர் பலவாயின் வாயிலும் பலவாதல் வேண்டும் என்பதற்கன்றோ? குறிப்பு ஏலாதான் ஒருவனுக்கு வாசகமும் சாத்திரமும் உள. அவற்றை வெளிப்படையாக, வரிசையாக, ஐயமற உணர்த்துதல் ஆசிரியன் கடமை.

இனி, "இது பழவினைப் பயன்" என்று பெற்றோரிடம் கூறி அமைவாரும் உளர். உடம்புகள் யாவும் வினைக்கீடாக அமைந்தன என்பது உண்மையே. கூறுவான் உடம்பும் அங்ஙனம் அமைந்ததே. எல்லார்க்கும் பொதுவாகிய ஒன்றை ஒருவர்க்கு மட்டும் எடுத்துக் கூறுதல் ஞானமாகாது, பழிப்பாகவே முடியும். ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு விடியுமளவும் விளக்காக இறைவன் மாயையினின்று தனு கரணங்களைக் கூட்டித் தந்தான் என்று சித்தாந்தம் கூறுகின்றது. விளக்குக்கள் பலவகை. குத்துவிளக்கு அறை முழுதும் ஒளி பரப்பும். சிறுதுளை வழியே ஒளிவிடும் விளக்கு ஓரிடத்தை மட்டும் கூர்ந்து காட்டும். இரண்டும் அவன் ஏற்றியன. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. கரணம் வேறுபட அறியுமாறும் வேறுபடும். கரணத்தின் வேறுபாட்டை உயிரின் தாழ்வெனக் கொள்வது கரணத்தையே ஆன்மா என்று வாதிப்பாரின் கொள்கையாய் முடியும். அவரை மறுத்தற்கு நூல் செய்த மரபினர் நாம்.

திருப்பனந்தாளில் நின்று இவ்வினாவை எழுப்புதற்கு மற்றுமோர் உரிமை உண்டு. இவ்வூர்க் காசித் திருமடத்தின் முதல்வராகிய குமரகுருபர சுவாமிகள் ஐந்தாண்டளவும் வாய்பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் திருவருளால் பேசும் பேறு பெற்றுக் கந்தர் கலிவெண்பாவை அருளினர் என்பது வரலாறு. சுவாமிகளை ஆட்டிச இயல்பினர் என்று யாம் கூறவில்லை. அருளாளர் வரலாற்றை மருத்துவப் பெயரால் அளத்தல் தகாது. பேசாத குழந்தைகள் எல்லாம் ஒருநாள் பேசியே தீருதல் வேண்டும் என்று பெற்றோரை வருத்துதற்கும் அவ்வரலாறு கருவியாகலாகாது. அதனால் நாம் அறிய வேண்டுவது ஒன்றே: ஐந்தாண்டு பேசாதிருந்த அக்குழந்தையின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதைப் புறத்திருந்தார் எவரும் அளந்திலர். பேசாமை கண்டு, உள்ளே ஒன்றும் இல்லையென்று எழுதியிருப்பின் அஃது எத்துணைப் பெரும் பொய்யாய் முடிந்திருக்கும்!

இவ்வூர்த் திருக்கோயிலின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. தாடகை என்னும் மாதரசி நாடோறும் இறைவனுக்கு மாலை சாத்தி வழிபட்டு வந்தாள். ஒருநாள் இருகையிலும் மாலை ஏந்தியபோது ஆடை நெகிழ, அதனை முழங்கையால் இடுக்கிக்கொண்டு, கையை உயர்த்த மாட்டாது கலங்கினாள். "கையை உயர்த்தினாலன்றி மாலை ஏற்கப்படாது" என்று இறைவன் இருந்தானில்லை. திருமுடியைச் சாய்த்து ஏற்றருளினான். பின்னர் அச்சாய்வைக் குறையென எண்ணி வருந்திய வேந்தன் யானைகளைப் பூட்டி இழுப்பித்தும் சிவலிங்கம் நிமிர்ந்திலது; குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்திற் கயிறு பூட்டி அன்பால் இழுக்க நிமிர்ந்தது. சாய்ந்ததும் அன்பிற்கு, நிமிர்ந்ததும் அன்பிற்கே, வலிமைக்கு அசைந்ததில்லை. கைக்கு எட்டாத உயரத்தில் நின்றுகொண்டு, எட்டவில்லை என்று குறை கூறுவது பெரியோர்க்கு அழகன்று என்பதனை இத்தலத்து இறைவன் தானே நின்று காட்டினன்.

ஆகவே மடங்களிலும் திருமுறை வகுப்புக்களிலும் ஆசிரியராய் அமர்ந்தார் செய்யத்தக்கன சில உள. சொல்ல வேண்டுவதைக் குறிப்பில் விடாது வெளிப்படையாகச் சொல்லுக. தீக்கை நிகழும் நாளின் செயல்முறையை முன்னரே வரிசைப்படுத்தி எழுதியோ படம் வரைந்தோ காட்டுக. மணியோசையும் குங்கிலியப் புகையும் கூட்டமும் அவரை மிக வருத்துமாயின், கூட்டமில்லாத பொழுதைத் தெரிந்து, ஓசையைக் குறைத்துச் செய்க. வாயால் விடை கூறாதார் எழுதியோ சுட்டியோ கூறின் அதனையும் விடையாகவே கொள்க. விடைக்குக் காலம் கொடுக்க. எதிர்பாராத விடை வருமாயின் நகையாது, "இவன் எந்தப் பகுதியைக் கேட்டு இதனைக் கூறினான்?" என்று தம் வினாவை ஒருமுறை திரும்ப நோக்குக. இவற்றுள் எதுவும் ஆகமத்திற்கு மாறன்று; பொருட்செலவும் இல்லை.

புதிர்க்கு விடை கூறாமை அறிவின்மைக்கு ஏதுவாம் என்று வாதிப்பார் கூற்றினை எடுத்து ஆராய்ந்தேம். அவ்வேது, அறிவுடையாரிடத்தும் காணப்படுதலின் அநைகாந்திகம் என்னும் போலியாய் ஒழிந்தது. போலியேதுவைக் கொண்டு ஓருயிரைத் திருவருள் வாயிலினின்றும் விலக்குதல் வாதப்பிழையளவில் நில்லாது, சிவாபராதமாகவும் முடியக்கூடும். பெரியோர் இதனை ஓர்ந்து கடைப்பிடிப்பாராக.

சிவம்.